மாலேயில் கோச்சாக இருந்த ஒரு சீசன்: சம்பளம் நின்றால் என்ன செய்யலாம்

மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் ஒரு கால்பந்துக் கிளப்புக்குத் தலைமைக் கோச்சாகப் போகிறேன் என்று சொன்னபோது வியாசர்பாடியில் பாதிப் பேர் கைகொடுத்தார்கள், மீதிப் பேர் தங்கள் பையனுக்கும் அங்கே சான்ஸ் கிடைக்குமா என்று கேட்டார்கள். சம்பளத்தை யார் தருவார்கள், எந்தப் பணமாகத் தருவார்கள், தராவிட்டால் யாரிடம் போய் நிற்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இங்கே யாரும் இல்லை. சென்னையில் கோச்சிங் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கிளப்போடு ஒப்பந்தம் போட்டவர்கள் அரிது, பணம் வராமல் மல்லுக்கட்டியதை வெளியில் சொன்னவர்கள் அதைவிட அரிது. எனக்கு நடந்ததைப் பணக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் தொடங்கி சீனியர் டிவிஷன் வரை ஆடிய ஒரு மிட்ஃபீல்டர். என் வயது பையன்களுக்கு அப்போது ஒரே கனவுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை என்று ஏதாவது ஓர் ஆபீஸ் டீமில் வேலை. பந்து ஆடினால் பென்ஷன் வரும் என்பதுதான் வடசென்னையின் கால்பந்துத் தத்துவம். எனக்கு டிரையலில் கடைசிவரை போய், பெயர்ப் பட்டியலில் மட்டும் பெயர் வராமல் போகும். அதனால் சீசன் வந்தால் மலப்புறத்துக்கு ரயிலேறிவிடுவேன், செவன்ஸ் ஆட.

செவன்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் எனக்கு நடந்ததை முதலில் அங்கேதான் வேறொருவர் வாழ்க்கையில் பார்த்தேன். அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ தற்காலிக கேலரி கட்டி, ஃபிளட் லைட் போட்டு, டிக்கெட் வைத்து ராத்திரியில் நடக்கும் ஆட்டம். பக்கத்துக்கு ஏழு பேர். ஆட்டம் முடிந்ததும் டீம் மேனேஜர் ஜீப்புக்குப் பின்னால் நின்று காசை எண்ணிக் கையில் தருவார். எனக்கு ஒரு மேட்சுக்கு ஆயிரத்து ஐந்நூறு கிடைத்தால் அதிகம். கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்டிலிருந்து வந்த பையன்கள்தான் ஸ்டார்கள். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அவன் 'சூடானி'தான். எங்கள் டீமில் கானாக்காரன் ஒருவன் இருந்தான், நல்ல ஸ்ட்ரைக்கர். கணுக்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தபோது மேட்ச் ஃபீஸ் நின்றது, சாப்பாட்டுக் கணக்கு மட்டும் ஏறியது. விமான டிக்கெட் காசும் அவன் கணக்கில்தான் கழிந்தது. பாஸ்போர்ட் மேனேஜர் வீட்டு பீரோவில். அவன் என்னிடம் வந்து, ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னான். அரைப் பக்கம். படித்தேன், அவனுக்குச் சாதகமாக ஒரு வரிகூட இல்லை.

இருபத்தெட்டு வயதில் இடது முட்டி போனது. ஏ.சி.எல். என்ற முட்டித் தசைநாரில் கிழிசல். ஆபரேஷன், பிசியோ எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆனது, இன்சூரன்ஸ் கிடையாது. கிளப் செயலாளர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதோடு ஆட்டம் முடிந்தது.

அப்புறம் லைசென்ஸ். இந்தியாவில் கீழிருந்து மேலே டி, சி, பி, ஏ, புரோ என்று போக வேண்டும். இடையிடையே உண்மையாகவே ஒரு டீமுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் காட்டினால்தான் அடுத்த கோர்ஸில் சேர்ப்பார்கள். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்பில் தலைமைக் கோச்சாக வேண்டுமானால் புரோ வேண்டும். பி முடிக்கும்வரை ஃபீஸ், பயணம், தங்கல், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் செலவு. இதில் பலர் கவனிக்காதது கடைசியில் சொன்ன இழந்த சம்பளம்தான். ஃபீஸை மட்டும் பார்த்துக் கடன் வாங்கினால் கோர்ஸ் பாதியில் கை கடிக்கும். லைசென்ஸோடு தனியார் பள்ளியிலும் ஓர் அகாடமியிலும் வேலை பார்த்தேன். இரண்டும் சேர்ந்து மாதம் இருபத்தி இரண்டாயிரம். காலை ஐந்தரைக்கு ஒரு கிரவுண்டு, மாலை நான்கு மணிக்கு இன்னொன்று, நடுவில் பைக்கில் வெயில்.

அந்த நாட்களில் இந்திய அணிக்கு இரண்டு முறை கோச்சாக இருந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனைப் பற்றி அடிக்கடி யோசிப்பேன். பெரிய கிளப்பில் ஆடியவர் இல்லை. முட்டிக் காயத்தோடு ஆட்டம் முடிந்தது. நேபாளத்துக்குப் போனார், அங்கிருந்து இந்தியா, பிறகு மலாவி, சூடான், ருவாண்டா, திரும்ப 2015இல் இந்தியா, அதன்பின் பாகிஸ்தான். மற்றவர்கள் போகத் தயங்கும் நாட்டுக்குப் போவதையே ஒரு தொழிலாக்கிக்கொண்ட மனிதர். நமக்கும் அதுதான் வழி என்று தோன்றியது. இன்றும் அது தவறான எண்ணம் என்று நினைக்கவில்லை. ஆனால் அவர் போனது தேசிய அணிகளுக்கு, பின்னால் ஒரு சங்கம் நிற்கும். கீழ் டிவிஷன் கிளப் என்றால் பின்னால் நிற்பது ஒரு பிரசிடென்ட், அவர் வியாபாரம், அந்த வருஷம் அந்த வியாபாரம் எப்படிப் போகிறது என்பது.

மாலே வாய்ப்பு ஒரு பழைய டீம் நண்பன் மூலம் வந்தது. இரண்டாம் டிவிஷன் கிளப், ஒரு சீசன், மாதம் 1,200 டாலர், தங்குமிடம், போகவர டிக்கெட். அன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். அவர்கள் அனுப்பிய ஒப்பந்தம் ஒரு பக்கம். கானாக்காரனின் அரைப் பக்கம் ஞாபகம் வந்ததால், கூடப் படித்த ஒரு வக்கீலிடம் காட்டித் திருத்தம் கேட்டேன். கிளப்பின் பெயர், லெட்டர்ஹெட், முத்திரை, 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற பதவி, அணியைத் தேர்வு செய்வதும் பயிற்சி தருவதும் என் வேலை என்ற வரி, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் சம்பளம் என்பது, இத்தனையும் சேர்த்து வாங்கினேன். இரண்டு மாதச் சம்பளம் முன்பணம் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். டாலரை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற வரிக்கும் மறுப்பு. கிளம்பும்போது கையில் இருந்தது இவ்வளவுதான். அந்தப் பதவி வரி பின்னால் என்னைக் காப்பாற்றும் என்று அப்போது எனக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது.

மாலே சின்ன ஊர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். இடம் அவ்வளவு நெருக்கடி. மாலேயை விமான நிலையத் தீவோடும் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயோடும் இணைக்கும் பாலம் 2018இல் வந்த பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது என்பார்கள். அந்த நெருக்கடியால் கிரவுண்டு நேரம்தான் தங்கம். எங்களுக்குக் கிடைத்தது செயற்கைப் புல் மைதானத்தில் பாதி, அதுவும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல். மறுபாதியில் வேறொரு டீம். என் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. ஒருவர் அரசு ஆபீஸ், ஒருவர் போலீஸ், இருவர் ரிசார்ட், கோல்கீப்பருக்கு மீன்பிடிப் படகு. ஷிஃப்ட் மாறினால் ஆள் வராது. இருபத்திரண்டு பேர் பெயர்ப் பட்டியலில் இருப்பார்கள், பயிற்சிக்குப் பன்னிரண்டு பேர். பி லைசென்ஸில் முழு மைதானத்துக்கு வரைந்து பழகிய செஷன் பிளானை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, பாதி மைதானத்தில் ஆறுக்கு ஆறு வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தேன். கார்னர், ஃப்ரீ கிக் இரண்டுக்கும் நேரம் ஒதுக்கினேன், ஏனென்றால் அதற்கு மட்டும் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை. அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ஷூவைக் கழற்றினால் டர்ஃபின் கறுப்பு ரப்பர் துகள் தரையெல்லாம் கொட்டும். படுக்கை விரிப்பில், சோப்பு டப்பாவில், ஒருநாள் சோற்றிலும்கூட இருந்தது. ரமலானில் நோன்பு திறந்து, தொழுகை முடித்து, பயிற்சி தொடங்க இன்னும் நேரமாகும்.

ஆட்டக்காரர்களைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். காலில் பந்து ஒட்டும், சின்ன இடத்தில் திரும்பத் தெரியும். தெற்காசியக் கோப்பையை 2008இலும் 2018இலும் எடுத்தவர்கள், இரண்டு இறுதியிலும் தோற்றது இந்தியா. முதல் வாரமே அதைச் சொல்லி என்னை ஓட்டினார்கள். நான் 'அவஸ், அவஸ்' என்று அவர்கள் மொழியில் வேகப்படுத்தக் கத்தும்போது என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தபடியே ஓடுவார்கள். முதல் இரண்டு மாதம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன்.

பணக் கசிவு அப்போதே தொடங்கிவிட்டது. சம்பளம் மாலத்தீவுப் பணமான ரூஃபியாவாக வந்தது, ரொக்கமாக. அரசாங்க விலையில் டாலருக்கு 15.42 ரூஃபியா என்று கணக்குப் போட்டு, பதினெட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் கவரில் வைத்துக் கொடுத்தார்கள். ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும். ஆனால் அங்கே டாலருக்கு எப்போதும் தட்டுப்பாடு, அப்போது வெளியில் வாங்கினால் 17, 18 ரூஃபியா. ஒப்பந்தப்படி 1,200 டாலர் வாங்குகிறவன் கையில் நின்றது ஆயிரத்து ஐம்பது, அறுபதுதான். மாதம் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. யாரும் திருடவில்லை, ஆனாலும் போகிறது. டாலர் தட்டுப்பாடு உள்ள எந்த நாட்டுக்குப் போனாலும் தொகையைவிட முதலில் பேச வேண்டியது, எந்தப் பணமாக, எந்தக் கணக்கில் என்பதைத்தான். ரொக்கமாகத்தான் தருவோம் என்றால் ஒவ்வொரு முறையும் எந்த மாதத்துக்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் ஒரு நோட்டில் அதை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டேதான் போட்டார்.

மூன்றாம் மாதம் பாதிச் சம்பளம் வந்தது. நான்காம் மாதம் ஒன்றும் இல்லை. பிரசிடென்டுக்குக் கட்டுமானப் பொருள் வியாபாரம், ஒரு பெரிய பில் வர வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வந்துவிடும், கோச். கப்பல் வந்துவிட்டது, கோச். ஸ்பான்சர் கையெழுத்துப் போடப் போகிறார், கோச். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரே நம்பிக்கொண்டுதான் சொன்னார், அதனால்தான் அவரிடம் கோபப்பட முடியவில்லை. ஐந்தாம் மாதமும் போனது. அறை வாடகையைக் கிளப் கட்டவில்லை என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். டீக்கடையில் ரொஷியும் மாஸ் ஹுனியும் கடனில். வீட்டில் மனைவி நகையை அடகு வைத்து எல்.ஐ.சி.யும் பையனின் ஸ்கூல் ஃபீஸும் கட்டினாள். "ஏங்க, டிக்கெட் போட்டு வந்துடுங்க, போனது போகட்டும்" என்றாள். போகட்டும் என்று சொல்லும் தொகையா அது? அதேசமயம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வருமா? ராத்திரி பயிற்சியில் கத்திவிட்டு வந்து, விடியும்வரை இந்த இரண்டு கேள்வியையும் மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டு படுத்திருப்பேன். சக கோச்சுகளிடம் சொல்ல வெட்கம். பேஸ்புக்கில் என் மாலே போட்டோவுக்கு ஊர்க்காரர்கள் இன்னும் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வழி தெரிந்தது கூகுளில் தேடித் தேடித்தான். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத் தகராறுகளை ஃபிஃபா விசாரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோச்சுகளுக்கும் தனி விதிகள் 2021 ஜனவரியிலிருந்து இருக்கின்றன. வீரர்களின் பதிவு, மாற்றம் பற்றிய ஃபிஃபா விதிமுறையில் கோச்சுகளுக்கென்றே ஓர் இணைப்பு உண்டு. அதில் எனக்கு வேண்டிய வரி இருந்தது: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அப்போதும் பணம் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இதில் 'எழுத்தில்' என்பதுதான் உயிர்நாடி. வாட்ஸ்அப்பில் 'சார், சேலரி?' என்று கேட்டதை எல்லாம் நம்பி உட்கார முடியாது. எந்தெந்த மாதம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று தெளிவாக எழுதி, கிளப்பின் அதிகாரப்பூர்வ மெயிலுக்கு அனுப்பினேன், அந்நாட்டுக் கால்பந்து சங்கத்துக்கும் ஒரு நகல். நோட்டீஸ் கொடுக்காமல் கோபத்தில் மூட்டை கட்டினால், வேலையை விட்டு ஓடிப்போனவன் நீதான் என்று கதை திரும்பிவிடும். அவகாசம் முடியும்வரை ஒருநாள் விடாமல் பயிற்சிக்குப் போனேன். சம்பளம் இல்லாமல் அப்படிப் போய் விசில் ஊதுவது எவ்வளவு கசப்பு என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் தேதியோடு கிரவுண்டில் ஒரு போட்டோ எடுத்து வைத்தேன்.

பதில் வரவில்லை. முறிவுக் கடிதம் அனுப்பிவிட்டு, மச்சான் போட்ட டிக்கெட்டில் திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை. பாஸ்போர்ட் என்னிடமே இருந்ததால்தான் இது நடந்தது. விசா வேலைக்கு என்று வாங்கினார்கள், வேலை முடிந்ததும் கேட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். பத்திரமாக ஆபீஸ் லாக்கரில் இருக்கட்டுமே என்று நயமாகத்தான் சொன்னார்கள். இந்த ஒரு விஷயத்தில் முகத்தாட்சண்யமே பார்க்கக் கூடாது.

சென்னை வந்து ஃபிஃபாவின் இணையதளத்தில் உள்ள லீகல் போர்ட்டலில் மனு போட்டேன். கோச் தொடுக்கும் வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதைத் தெரியாமல் ஒரு ஏஜென்ட் எனக்கு நாற்பதாயிரம் கேட்டார், 'ஃபிஃபா ஃபீஸ்' என்று. வக்கீல் வைத்தால் அவருக்குத்தான் காசு, ஃபிஃபாவுக்கு இல்லை. என் வக்கீல் நண்பர் எழுதிக் கொடுத்தார், பிரியாணியோடு முடிந்தது. மனுவும் ஆவணங்களும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். மாலத்தீவு மொழியான திவேஹியில் இருந்த ஒரு கடிதத்தை என் பழைய கேப்டன் மொழிபெயர்த்து அனுப்பினார், அவருக்கும் கிளப் பாக்கி வைத்திருந்தது. இந்த வழி திறந்திருக்க கோச்சும் கிளப்பும் வேறு வேறு நாடாக இருக்க வேண்டும். கிளப் முழுக்க அமெச்சூராக இருந்தாலும் இந்த வழி கிடையாது. போகும் முன்பே அந்தக் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் சம்பளமும் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. பிரச்சினை நடந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டால் ஃபிஃபா கேட்காது.

கிளப்பின் பதில்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. நான் அவர்கள் கோச்சே இல்லையாம், பிரசிடென்டின் வியாபாரக் கம்பெனி ஊழியனாம். பார்த்தால் என் வேலை பெர்மிட் அந்தக் கம்பெனி பெயரில் இருந்தது. கிளப்பால் பெர்மிட் எடுக்க முடியாது, இது வெறும் ஃபார்மாலிட்டி என்று வரும்போது சொன்னதுதான். இங்கேதான் அந்த லெட்டர்ஹெட்டும் பதவி வரியும் உதவின. கூடவே சங்கம் வெளியிட்ட டீம் ஷீட்களில் தலைமைக் கோச் என்று என் பெயர், என் லைசென்ஸ், மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட நோட்டு. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் டீம் ஷீட்டைப் போட்டோ எடுத்து நமக்கு நாமே மெயில் பண்ணி வைப்பதற்கு அரை நிமிஷம் ஆகும். பெர்மிட் வேறு பெயரில்தான் எடுக்க முடியும் என்றால், 'இவர் எங்கள் கிளப்பின் கோச், பெர்மிட் மட்டும் இன்ன கம்பெனி வழியாக' என்று கிளப்பிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பல மாதம் கழித்து எனக்குச் சாதகமாக முடிவு வந்தது: பாக்கிச் சம்பளம், ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, மீதி ஒப்பந்தக் காலத்துக்கு இழப்பீடு. ஆனால் அந்த மீதிக் காலத்தில் நான் சென்னைப் பள்ளியில் வாங்கிய சம்பளத்தைக் கழித்துவிட்டார்கள். விதி அப்படி, புது வேலையில் கிடைத்ததை இழப்பீட்டிலிருந்து கழிப்பார்கள். அதனால் வேலைக்குப் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம், வழக்கு முடியும்வரை அடுப்பு எரிய வேண்டுமே. முடிவு வந்தவுடன் காசும் வந்துவிடாது. 45 நாளுக்குள் கட்டாவிட்டால் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யக் கிளப்புக்குத் தடை வரும், மூன்று பதிவுக் காலம் வரை. அந்தத் தடைதான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. புது சீசனுக்கு ஆள் எடுக்க வேண்டிய கிளப் அப்போதுதான் போனை எடுக்கும். என் கிளப்பும் எடுத்தது. தவணையில் தருகிறோம், தடையை எடுக்கச் சம்மதக் கடிதம் கொடு என்றார்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே கடிதம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்சம் வந்தது, மீதி இன்னும் வரவில்லை. டாலர் மாற்றில் போனது, வராத பாக்கி, டிக்கெட், நகை வட்டி எல்லாம் சேர்த்து இந்தச் சீசனில் எனக்கு நிகர நஷ்டம் இன்றைய தேதியில் ஏறக்குறைய மூன்று லட்சத்து இருபதாயிரம்.

இப்போது பூட்டானிலிருந்து ஒரு கிளப் கேட்டிருக்கிறது. இந்தியர்களுக்கு விசா தொல்லை இல்லை, அங்கே இந்திய ரூபாயும் செல்லும், நம் ரூபாயும் அவர்கள் நாணயமும் மதிப்பில் சரிக்குச் சரி. மனைவி முதலில் வேண்டாம் என்றாள், பிறகு ஒப்பந்தத்தை அவளே வாங்கிப் படித்தாள். இரண்டு மாத முன்பணம், வங்கிக் கணக்கில் சம்பளம், திரும்பும் டிக்கெட் முதலிலேயே என் கையில், காயத்துக்கு மருத்துவக் காப்பீடு என்று நான்கு திருத்தம் கேட்டு அனுப்பியிருக்கிறோம். மூன்றுக்குச் சரி என்றுவிட்டார்கள். முன்பணத்தை ஒரு மாதமாகக் குறைக்க முடியுமா என்று கேட்கிறார்கள், முடியாது என்று நேற்று மெயில் போட்டிருக்கிறேன்.